உறங்கச் சொன்ன பெட்டி

ஒரு பாடசாலையை மூட எண்ணினால் பழைய மாணவர் சங்கம் கூடித் தீர்மானம் நிறைவேற்றும். ஒரு புகையிரத நிலையத்தை மூட எண்ணினால் ஊரவர் திரண்டு மனுக் கொடுப்பர். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6ஆந் திகதி அமெரிக்காவிலே ஒரு தொலைக்காட்சி அலைவரிசை நின்றுபோயிற்று. 'யூனிவர்சல் கிட்ஸ்' என்பது அதன் கடைசிப் பெயர். 'ஸ்பிரவுட்' என்பது அது பிறந்தபோது இட்ட பெயர். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கென்றே 2005இல் தொடங்கப்பெற்று, ஒரு காலத்தில் எத்தனையோ வீடுகளுக்கு விடியலையும் அந்தியையும் அறிவித்துக்கொண்டிருந்த அலைவரிசை அது. அதன் முடிவு வணிகச் செய்திகளுக்கிடையே சில வரிகளில் வந்தது. மனுக் கொடுத்தவர் எவரையும் நான் அறியேன்.

மேல்வகுப்பு மாணவருக்குத் தமிழ் கற்பிக்கும் யாழ்ப்பாணத்து ஆசிரியன் ஒருவனுக்கு அமெரிக்கக் குழந்தைகளின் அலைவரிசையோடு என்ன உறவு என்று வாசகர் வினவலாம். ஆறு வாரத்து உறவுதான். 2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையோடு சில நாள் லீவையும் சேர்த்துக்கொண்டு, நியூ ஜேர்சியில் வாழும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தியைப் பார்த்துக்கொள்வதற்காக என் தாயார் எனக்கு முன்பே அங்கே போயிருந்தார். மருமகளுக்கு அப்போது மூன்று வயது. தங்கையும் மைத்துனரும் காலை ஏழு மணிக்கே வேலைக்குப் புறப்பட்டுவிடுவர். பின்னர் அந்த வீட்டில் எஞ்சியிருப்போர் அம்மா, குழந்தை, நான், அந்தப் பெட்டி என நால்வரே.

பெட்டியில் நான் கண்டதைச் சொல்லுமுன் அந்த அலைவரிசை பிறந்த வரலாற்றைச் சிறிது சொல்லவேண்டும்.

அமெரிக்காவில் தொலைக்காட்சி தொடக்கத்திலிருந்தே பெரும்பாலும் வணிகரின் கையில் இருந்தது. சிறுவர் நிகழ்ச்சி என்றால் காலையுணவுத் தானியத்தையும் விளையாட்டுச் சாமானையும் விற்பதற்குரிய தூண்டில் என்ற அளவிலேயே பலர் அதை மதித்தனர். 1967இல் பொது ஒலிபரப்புக்கென ஒரு சட்டம் வந்தது. மறு ஆண்டில் பிட்ஸ்பேர்க் நகரத்து நிலையமொன்றிலிருந்து பிரெட் ரோஜர்ஸ் என்பவர் நாடு முழுவதற்கும் குழந்தைகளோடு பேசத் தொடங்கினார். அவர் பேசிய வேகம் நம் ஊர்ப் பாட்டிமார் பேசும் வேகம். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, வீட்டிலிருக்கும் குழந்தை விடை சொல்வதற்கென்று சற்றே பேசாமல் இருப்பார். 1969ஆம் ஆண்டு நவம்பர் 10ஆந் திகதி 'செசமி ஸ்ட்ரீட்' வந்தது. விளம்பரப் பாட்டை ஒரு முயற்சியுமின்றி மனனஞ் செய்யும் குழந்தைக்கு எழுத்தையும் எண்ணையும் அதே வழியிற் புகட்டினால் என்ன என்பது அதனை ஆக்கிய ஜோன் கான்ஸ் கூனி அம்மையாரின் எண்ணம். பாலர் பாடசாலைக்குப் பணங் கட்ட இயலாத ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் முதலாம் வகுப்புக்குப் போகுமுன்னே பின்தங்கிவிடக் கூடாது என்பது அவரது கவலை. 1970இல் பி.பி.எஸ். எனும் பொதுத் தொலைக்காட்சி அமைப்பு செயற்படத் தொடங்கியபோது இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் அதன் இரு கண்களாயின.

ஆயினும் அவை நாளுக்கு அரை மணி, ஒரு மணி நேரத்துச் சங்கதிகள். முழுநாளையும் சிறு குழந்தைக்கே ஒதுக்கிய அலைவரிசை என்பது கம்பிவழித் தொலைக்காட்சி பெருகிய பிற்காலத்துச் சரக்கு. 1999இல் நிக்கலோடியன் நிறுவனமும் செசமியாரும் கூட்டுச் சேர்ந்து 'நொகின்' என ஒன்றைத் தொடங்கினர். 2002இல் பிரித்தானியாவில் பி.பி.சி.யின் 'சீபீபீஸ்' வந்தது. மூன்றாண்டு கழித்து ஸ்பிரவுட் முளைத்தது. பெயருக்குப் பொருளும் முளை என்பதே.

அதற்குப் பெற்றோர் நால்வர். கொம்காஸ்ட் என்னும் பெரிய கம்பிவழித் தொலைக்காட்சி நிறுவனம் ஒருவர், பி.பி.எஸ். மற்றொருவர், செசமிப் பணிமனை மூன்றாமவர், பொப் த பில்டர், தோமஸ் என்னும் புகைவண்டி, பார்னி முதலியோருக்கு உரிமையாளராகிய லண்டன் நிறுவனம் ஹிட் என்டர்டெயின்மென்ற் நான்காமவர். ஒருவரிடம் கம்பி இருந்தது. ஒருவரிடம் நல்ல பெயர் இருந்தது. மற்றிருவரிடம் பொம்மைகள் இருந்தன. பங்காளிகள் கூடி வாங்கிய காணியின் கதி என்னவாகும் என்பதை நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. 2005 ஏப்ரலில் அது முதன்முதல் வெளிவந்தபோது அலைவரிசையாக வரவில்லை. வேண்டியபோது வேண்டியதை எடுத்துப் பார்க்கும் ஒரு சேவையாகவே வந்தது. இருபத்துநான்கு மணி நேர அலைவரிசை தொடங்கியது அதே ஆண்டு செப்டெம்பர் 26ஆந் திகதி. பின்னாளில் எது அதனைக் கொன்றதோ அதுவே அதற்கு மூத்த உடன்பிறப்பு!

நிற்க. 2011இல் நான் கண்டது என்ன?

நிகழ்ச்சிகளிற் பெரும்பாலானவை பழையவை. கையூ என்னும் கனடியச் சிறுவன் ஒருவன் நாளுக்குப் பல தடவை வந்து சிணுங்குவான். அவனை விரும்பாத பெற்றோர் அமெரிக்காவில் ஏராளம் என்று மைத்துனர் சொன்னார். இரண்டாம் நாளே நானும் அந்தக் கட்சியிற் சேர்ந்துவிட்டேன். விளம்பரம் உண்டு, ஆனால் அது தாய் தந்தையரை நோக்கியது. குழந்தையிடம் விற்காமல் தாயிடம் விற்றனர் என்க. இவற்றிலெல்லாம் புதுமை இல்லை. புதுமை நிகழ்ச்சிகளுக்கு இடையே இருந்தது.

காலையில் 'சனி சைட் அப் ஷோ' என்று ஒன்று நடைபெறும். 2007இலிருந்து பிலடெல்பியா நகரத்திலிருந்து நேரடியாகவே ஒளிபரப்பினர். ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ, சிக்கா என்னும் கோழிக்குஞ்சுப் பொம்மையோடு நின்று, "இன்று என்ன கிழமை, வெளியே மழையா வெயிலா" என்று பேசுவார். சிக்காவுக்குப் பேச்சு வராது. கீச்சுக் கீச்சென்னும் ஒலிதான். நாடெங்குமிருந்து பெற்றோர் அனுப்பிய பிறந்தநாள் மட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர்களை வாசிப்பர். குழந்தைகள் தங்கள் கையாற் கிறுக்கி, நிறந் தீட்டி, மினுக்கம் ஒட்டிய மட்டைகள் அவை. மருமகள் அந்தப் பெயர்களை மிகுந்த கவனத்தோடு கேட்பாள். ஒரு நாள் தங்கை, "உன் சிநேகிதர் ஆர் ஆர்?" என்று கேட்டபோது, அவள் அன்று காலை பெட்டியில் வாசித்த பெயர்களிற் சிலவற்றையே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது, தங்கைக்கு வரவில்லை. அந்தத் தெருவில் அக்குழந்தைக்கு விளையாட வேறு பிள்ளை கிடையாது.

மாலையில் 'குட் நைட் ஷோ'. நீனா என்ற பெயருடைய பெண்ணொருவரும் நட்சத்திர வடிவிலே ஒரு பொம்மையும் வருவர். குரல் தாழ்ந்திருக்கும், ஒளி மங்கியிருக்கும், கை கால்களை மெல்ல நீட்டி மடக்கும் அப்பியாசம் ஒன்று நடக்கும். காது கேளாதோரின் சைகை மொழியிலே சொற்கள் கற்பிப்பர். இதுதான் என் தாயாரைக் கவர்ந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. பகல் முழுவதும் பேத்தியும் பெட்டியும் அவருக்கு விளங்காத பாஷையிற் பேசிக்கொண்டிருக்க, இவர் மரக்கறி நறுக்கிக்கொண்டு பார்த்திருப்பார். சைகைக்கு ஆங்கிலம் வேண்டியதில்லையல்லவா? விரித்த கையை முகத்துக்கு முன்னே பிடித்து, கண்ணை மூடிக்கொண்டே விரல்களைக் குவித்து நாடிவரை இறக்கினால் 'தூக்கம்'. அம்மா அதை இரண்டு நாளிற் கற்றுக்கொண்டார். இரவு ஏழரை மணிக்கு அவர் அந்தச் சைகையைச் செய்தால் மருமகளும் செய்வாள். பின்பு தானே எழுந்து படுக்கைக்குப் போவாள். நான் உளவியல் படித்தவன் அல்லேன். ஆனால் ஒரு குழந்தையை மிரட்டாமல் உறங்க அனுப்புவது எவ்வளவு பெரிய கலை என்பதை எந்தத் தாயும் சொல்வாள்.

நேர வித்தியாசத்தால் உறக்கம் வராத முதல் வாரத்தில் ஒரு நாள் நள்ளிரவு கழிந்து இரண்டு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். ஸ்பிரவுட் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அம்மா சற்று நேரம் நின்று பார்த்தார். "பிள்ளையளைப் படுக்கச் சொல்லிப்போட்டு இவை மட்டும் விடிய விடிய முழிச்சிருக்கினம், என்ன தம்பி?" என்றார்.

அந்த அலைவரிசை பற்றி இதனினும் கூர்மையான விமர்சனத்தை நான் வேறெங்கும் வாசித்ததில்லை. பி.பி.சி.யின் சீபீபீஸ் மாலையில் ஒரு கதை வாசித்துவிட்டு ஏழு மணியோடு தானும் உறங்கிவிடும். குழந்தையின் தந்தை இன்னும் வேண்டுமென்று பொத்தானை அழுத்தினாலும் அங்கே குழந்தைக்கு ஒன்றுமில்லை. அமெரிக்கக் கம்பியில் ஓர் இடத்துக்குப் பணம் வருகின்றதென்றால் அந்த இடத்தைச் சும்மா விட முடியாது. குழந்தை மருத்துவரின் அமெரிக்கச் சங்கம் 1999இலேயே, இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் தொலைக்காட்சி வேண்டாம் எனக் கூறியிருந்தது. அப்படியிருக்க இரவு பகல் ஓயாத குழந்தை அலைவரிசை ஒன்று யாருக்குத் தேவைப்பட்டது? இரவு வேலைக்குப் போகும் தாய்க்கு, நோயுற்ற குழந்தையோடு விழித்திருக்கும் தந்தைக்கு என்று ஒரு விடை சொல்லலாம். அது முழு விடையன்று என்றே நினைக்கிறேன்.

அந்த உறக்க நேரத்துப் பெண்ணைக் குழந்தைகள் எவ்வளவு உண்மையாகக் கொண்டாடினர் என்பதற்கு 2006இல் ஒரு சான்று கிடைத்தது. நீனாவுக்கு முன்பு அந்நிகழ்ச்சியை நடத்தி வந்த நடிகை ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் வளர்ந்தோருக்கான ஒரு சிறு நையாண்டிப் படத்தில் நடித்திருந்தார் என்பது வெளிவரவே, அவரை உடனே நீக்கிவிட்டனர். பெற்றோர் பலர் நீக்கியதைக் கண்டித்து எழுதினர். நேற்று வரை ஒவ்வோர் இரவும் விடைகொடுத்தவர் இன்று ஏன் வரவில்லை என்று கேட்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு அவர்கள் என்ன பதில் சொல்வர்? அலைவரிசையின் சரித்திரத்தில் பார்ப்போர் குரல் உரக்கக் கேட்ட வேளை எதுவென்றால் இதையே சொல்வேன். ஆள் மறைந்தபோது குரல் எழுந்தது. அலைவரிசையே மறைந்தபோது எழவில்லை.

மறைந்த விதமும் படிப்படியானது. நான் அங்கிருந்த அதே 2011இன் ஜனவரியில் கொம்காஸ்ட் நிறுவனம் என்.பி.சி. யூனிவர்சலின் பெரும்பங்கை வாங்கியிருந்தது. 2013 நவம்பரில் அந்தப் பெருநிறுவனம் மற்றைப் பங்காளிகளின் பங்கையும் வாங்கிவிட்டது. பி.பி.எஸ். பெயர் அலைவரிசையின் நெற்றியிலிருந்து அகன்றது. பிலடெல்பியாவிலிருந்து நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்தனர். நல்ல பெயரை இரவல் கொடுத்தவர்கள் அதனைத் திரும்ப எடுத்துக்கொண்டு, 2017 ஜனவரியில் எவருக்கும் இலவசமாகத் தங்கள் சொந்தக் குழந்தை அலைவரிசையைத் தொடங்கினர். அதே ஆண்டு செப்டெம்பர் 9ஆந் திகதி ஸ்பிரவுட் என்ற பெயர் நீக்கப்பட்டு யூனிவர்சல் கிட்ஸ் ஆயிற்று. வயது கூடிய சிறுவர்களையும் இழுக்க வேண்டுமென்பது நோக்கம். சிறுவர் சமையற் போட்டிகள் வந்தன. ஸ்பிரவுட் என்ற பெயர் சிறு குழந்தைகளின் நிகழ்ச்சிகளுக்கு மட்டும் உரியதாகி, பின்பு அதுவும் இல்லாதொழிந்தது. 2019இல் சொந்தத் தயாரிப்பை நிறுத்தினர். அதன்பின் ஆறாண்டு காலம் பழைய படங்களை ஓட்டிக்கொண்டு இருந்தது. கூரை வேயாத வீடு விழுவதற்கு நாள் எண்ணுவது போன்றது அது.

காரணம் யாவருக்கும் தெரிந்ததே. கம்பியை வெட்டிவிட்டு யூரியூப்பும் நெட்பிளிக்ஸும் போதுமென்றிருந்தனர் இளம் பெற்றோர். வேண்டியதை வேண்டியபோது பார்க்கும் பழக்கம் எல்லாவற்றினும் முன்னதாகக் குழந்தைகளையே பற்றிக்கொண்டது. அதில் வியப்பில்லை. ஒரே கதையை நூறு தரம் கேட்க விரும்புவோர் அவர்களே.

ஆயினும் கணக்குப் புத்தகம் முழுக்காரணத்தையும் சொல்லுமென நான் நினைக்கவில்லை. இவ்வகை அலைவரிசைக்கென்று ஒரு விதி இருக்கிறது. அதன் மாணவர் மூன்று வருடத்துக்கு மேல் அதில் தங்குவதில்லை. வெளியேறிய மாணவர் அதனை மறந்தும் விடுவர். பெரியோர் பத்திரிகைக்கு நாற்பது வருடத்து வாசகர் உண்டு. ஐந்து வயதைத் தாண்டியவனோ கோழிக்குஞ்சுப் பொம்மையைப் பார்ப்பது தன் மானத்துக்குக் குறைவென்பான். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் புதிய குழந்தைகளிடம் புதிதாகவே அன்பைச் சம்பாதிக்க வேண்டும். சேமிப்பில் வைக்க வழியில்லை. விற்பவர் வாங்குபவர் பேசும் மேசையில் அந்த அன்புக்காக வாதாட ஒருவரும் இருப்பதில்லை.

இதை எழுதும்போது நம் அரிவரி வகுப்பு உபாத்திமையார்கள் நினைவுக்கு வருகின்றனர். எங்கள் கல்லூரியின் பரிசளிப்பு விழாக்களில் மேல்வகுப்பு ஆசிரியர்களாகிய எங்களுக்கே மாலை விழுகிறது. பொறியியலாளராகவும் வைத்தியராகவும் வந்து நிற்கும் பழைய மாணவர் எங்களையே தேடி வருகின்றனர். 'அ' எழுத இந்த விரலைப் பிடித்தவர் யார் என்று கேட்டால் பலருக்கு முகம் நினைவில்லை. விரலுக்கு மட்டும் நினைவிருக்கிறது.

2023இல் மருமகள் யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்தாள். பதினைந்து வயது. ஸ்பிரவுட் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். நீனாவை? இல்லை. சிக்காவை? ஒரு மஞ்சட் பொம்மை, ஏதோ கனவு போல, என்றாள். அன்றிரவு அம்மாவிடம் படுக்கப் போவதாகச் சொல்ல வந்தவள், வாயாற் சொல்லாமல் விரித்த கையை முகத்துக்கு முன் பிடித்து நாடிவரை இறக்கினாள். அது எங்கே கற்றது என்று கேட்டேன். "அம்மம்மா பழக்கினது" என்றாள்!

அம்மா மறுக்கவில்லை. நானும் திருத்தவில்லை.

இதனால் அந்த அலைவரிசை இருந்திருக்க வேண்டுமென்று நான் வழக்குப் பேச வரவில்லை. மூன்று வயதுக் குழந்தையின் சிநேகிதர் ஒரு பெட்டியில் வாசிக்கப்பட்ட பெயர்களாக இருப்பது நல்ல வாழ்க்கை என்று எந்த ஆசிரியனும் சொல்லான். அதன் இடத்துக்கு வந்திருப்பதையும் பார்த்தேன். ரொறொன்ரோவிலிருக்கும் என் தம்பியின் மகனுக்கு இரண்டரை வயது. அவன் கையிலிருக்கும் பலகையில் ஒரு படம் முடிந்ததும் சில விநாடிகளில் அடுத்தது தானே தொடங்குகிறது. அங்கே காலையுமில்லை, மாலையுமில்லை. இன்று என்ன கிழமை என்று சொல்வாரில்லை. போய் உறங்கு என்று சொல்வாரும் இல்லை. ஸ்பிரவுட் தான் விழித்திருந்தாலும் குழந்தையை உறங்கச் சொல்லும் நாணமாவது அதற்கு இருந்தது. ஒரே வேளையில் ஆயிரம் வீட்டுக் குழந்தைகளுக்கு அந்தி வந்துவிட்டதென அறிவித்தது. இப்போது அந்த வேலை மறுபடியும் வீட்டாரின் தலையில் விழுந்திருக்கிறது. வேலை முடிந்து களைத்து வரும் தம்பி அதைச் செய்ய வேண்டும். பலகையைப் பறிக்க வேண்டும். அழுகையைக் கேட்க வேண்டும்.

1999இல் அப்படிச் சொன்ன அதே மருத்துவர் சங்கம் 2016இல் தன் அறிவுரையைத் திருத்தியது. பதினெட்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டாம். இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரம் போதும் என்றது. மிகச் சிறிய குழந்தைகளுக்கும் ஒரு விலக்கு மட்டும் கொடுத்தது. தூரத்திலுள்ள உறவினரோடு முகம் பார்த்துப் பேசுவதற்குத் தடையில்லை.

இந்த விலக்கைப் பற்றி அம்மா அறியார். அவருக்கு இப்போது எழுபத்தாறு வயது. கோடை காலத்தில் ரொறொன்ரோவில் இரவு எட்டு மணி என்றால் கொக்குவிலில் அதிகாலை ஐந்தரை. அந்நேரத்துக்கு எழுந்து முகங் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு, விளக்கைப் போட்டு, கைத்தொலைபேசியைச் செம்பின்மேற் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவார். பேரன் திரையில் வருவான், எதையாவது சொல்வான், பாதி விளங்கும். சிறிது நேரத்தில் அம்மா கையை விரித்து முகத்துக்கு முன்னே கொண்டுபோவார். அவனும் கொண்டுபோவான், ஆனால் கண்ணை மூடாமல் இவரையே பார்த்துக்கொண்டிருப்பான். "கண்ணை மூடு ராசா" என்று இவர் சொல்ல, தம்பி சிரித்துக்கொண்டே தொடர்பைத் துண்டித்துவிடுவான். அம்மா தொலைபேசியை அணைத்து வைத்துவிட்டு, முற்றம் கூட்டப் போவார்.